வாலைக்குக் குளிர்நீர் வேண்டும்

பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்தின் மாவட்டங்கள். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான எல்லை கிடையாது. பாலக்காட்டிலிருந்து இடுக்கியின் வடகிழக்கு மூலையில் உள்ள மறையூருக்குச் செல்பவர் கொழிஞ்சாம்பாறை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை கடந்து, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் நடுவே மலையேறி, சின்னாறு சோதனைச்சாவடியில் அவர் மீண்டும் கேரளத்தை அடைகிறார். வாடகைக்கு ஒரு மகிழுந்து அமர்த்திக்கொண்டால் விடியலில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அத்தகைய ஒரு நாள் பயணத்தின் பட்டியலில் மூன்று உருப்படிகள் இடம்பெறுகின்றன: வடிசாலை, அருவி, ஆற்றோர விலங்குகள். மூன்றையும் தனித்தனிக் காட்சிகளாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது எளிது. ஆனால் அந்நிலத்தில் மூன்றும் ஒரே பொருளைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. அப்பொருள் நீர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'டிஸ்டிலரி' என்பதற்குத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'மதுபான ஆலை' அல்லது 'சாராய ஆலை' என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் 'வடிசாலை' என்பதே வழக்கு. வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பெயர்பெற்றது. மலையாளத்தில் அத்தொழில் 'வாற்று'. சித்த மருத்துவ வழக்கில் வடிக்கும் கருவிக்கு 'வாலை' என்று பெயர். பேச்சுத் தமிழில் சாராயத்தையும் தைலத்தையும் 'காய்ச்சுகிறார்கள்'. காய்ச்சுதல் என்னும் வினை நெருப்பை நோக்குகிறது. வடித்தல் என்னும் வினை சொட்டும் துளியை நோக்குகிறது. நெருப்புக்கும் துளிக்கும் இடையில் நிற்கும் குளிர்நீரை இவ்விரு வினைகளும் சுட்டவில்லை. கலத்தில் எழும் ஆவி குழாய் வழியே சென்று, குளிர்ந்த நீரால் சூழப்பட்ட பகுதியைத் தொட்டால்தான் மீண்டும் திரவமாகும். அந்த நீர் சூடேறிக்கொண்டே இருப்பதால் அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விறகு குறைந்தால் வடிப்பு தாமதமாகும். குளிர்நீர் நின்றால் ஆவி காற்றோடு போய்விடும்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் இந்தச் செய்தி அரசியலாகவே பேசப்படுகிறது. சித்தூர் வட்டம் தென்னந்தோப்புகளும் கள்ளிறக்குதலும் நிறைந்தது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இங்கிருந்துதான் செல்கிறது. கள் வடிக்கப்படுவதில்லை, பாளையிலிருந்து இறங்கித் தானே புளிக்கிறது. வடித்தெடுக்கும் சாராயத்தைக் கேரள அரசு 1996 ஏப்ரல் முதல் நாளில் தடை செய்தது. தொழிற்சாலையில் உருவாகும் மதுவகைகளுக்கு அத்தடை பொருந்தவில்லை. இதே மாவட்டத்தின் எலப்புள்ளியில் எத்தனால் ஆலையும் மதுபான ஆலையும் அமைக்கும் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஆரம்ப ஒப்புதல் அளித்தபோது எழுந்த எதிர்ப்பின் மையம் மது அன்று, நிலத்தடி நீர். காரணம் அருகிலேயே இருந்தது. சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடையில் நிலத்தடி நீரை நம்பி இயங்கிய கோக்ககோலா ஆலை, கிணறுகள் கெட்டுப்போயின என்று ஊரார் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பின் 2004இல் உற்பத்தியை நிறுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த இந்தச் சமவெளி, கேரளத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் குறைந்த மழையே பெறுவது. ஆகவே இங்கு ஓர் ஆலை வருகிறது என்றதும் மக்கள் கேட்ட முதற்கேள்வி தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதே.

இக்கேள்வியை உடன் எடுத்துக்கொண்டு மலையேறுவது நல்லது. உடுமலைப்பேட்டையைத் தாண்டியதும் சாலையிலிருந்து சற்றே விலகினால் அமராவதி அணை. 1957இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் கொள்ளளவு ஏறத்தாழ 4 டிஎம்சி. நீர்மட்டத்தின் முழு அளவு 90 அடி. சின்னாறு, தேனாறு, பாம்பாறு ஆகியவை கொண்டுவரும் நீர் இதில் சேர்ந்து, அமராவதி என்னும் பெயரில் திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்ந்து, இறுதியில் காவிரியில் கலக்கிறது. நீர்த்தேக்கத்திலும் அதற்கு நீர் தரும் ஆறுகளிலும் சதுப்பு முதலைகள் இயற்கையாக இனப்பெருக்கம் செய்கின்றன. தென்னிந்தியாவில் இவ்வகை முதலைகள் நிறைந்து வாழும் இடங்களுள் இது முதன்மையானது. இவற்றின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து வளர்ப்பதற்காக 1970களின் நடுவில் அணையருகே முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. முதலை, இடங்கர், கராம் என மூன்று சொற்களைப் பழந்தமிழ் வழங்கியது. இன்று முதலாவது சொல் மட்டுமே பேச்சில் எஞ்சியிருக்கிறது.

சின்னாறு சோதனைச்சாவடியைக் கடந்தால் நிலம் மாறாது. பலகைகளின் எழுத்துதான் மாறும். 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 90.44 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கேரளம் என்றதும் மனத்தில் எழும் பசுமையை இங்குத் தேடுபவர் வியப்படைவார். மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியாதலால் ஆண்டில் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. எங்கும் முட்புதர்க்காடு. ஆற்றின் இருகரையிலும் மட்டும் நீர்மருது முதலிய உயர்ந்த மரங்கள் பச்சைக் கோடாக நீள்கின்றன. அருகிவரும் நரை அணில் அந்தக் கோட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடும் இடங்களில்தான் அதன் வாழ்வு. கீழே ஆற்றில் நீர்நாய்கள் கூட்டமாக மீன் தேடுகின்றன. சங்கப் பாடல்களில் மருதநில நீர்நிலைகளோடு தோன்றும் அதே விலங்கை, நெல்வயல்கள் பெரிதும் கைவிட்ட பின், மலையாறுகள் காத்துவருகின்றன. கோடையில் ஆறு மெலியும்போது யானையும் காட்டுமாடும் இக்கரைகளையே நாடுகின்றன. ஆகவே சின்னாற்றில் விலங்கைப் பார்ப்பது என்பது, பெரும்பாலும் நீர் எஞ்சியுள்ள இடத்தைப் பார்ப்பதே.

சரணாலயத்துக்குள் நடந்து செல்லும் பாதைகளில் வழிகாட்டிகளாக வருபவர்கள் முதுவர், மலைப்புலையர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். காட்டினுள் ஆலாம்பெட்டி, சம்பக்காடு, தாயண்ணன்குடி முதலிய குடியிருப்புகள் உள்ளன. தங்கள் ஊர்களை அவர்கள் 'குடி' என்றே அழைக்கிறார்கள். மதுரையிலிருந்து தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது முதுவர்களின் வாய்மொழி மரபு. அவர்களுடைய பேச்சைத் தமிழ் என்றோ மலையாளம் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. மாநில எல்லை அந்தப் பேச்சைப் பிரிக்கவில்லை. மக்களின் உரிமையைப் பிரித்திருக்கிறது. கேரளத்தில் மலைப்புலையர் பட்டியல் பழங்குடியினர். ஆனைமலையின் தமிழ்நாட்டுச் சரிவில் வாழும் புலையர் பட்டியல் சாதியினராக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடி அல்லாத வனவாசிகள் தாம் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். காட்டிலிருந்து ஒரு கட்டுப் புல்லை உரிமையோடு எடுத்துவரும் வாய்ப்பு ஆற்றின் இக்கரையில் ஒரு விதமாகவும் அக்கரையில் வேறு விதமாகவும் அமைந்துவிடுகிறது.

அருவியின் பெயரே ஒரு பாடம். பாம்பாறு காட்டினுள் பாறையிலிருந்து விழும் இடத்துக்குத் தூவானம் என்று பெயர். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்னும் பழமொழியை அறிந்த தமிழருக்கு, காற்றில் சிதறும் அந்த நீர்த்துகளைச் சொல்ல வேறு விளக்கம் வேண்டியதில்லை. சாலையிலிருந்து பார்த்தால் தொலைவில் வெண்ணிறக் கீற்று. வழிகாட்டியோடு நடந்து சென்றால்தான் பெயரின் பொருள் முகத்தில் படும். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே. கீழே சின்னாறும் பாம்பாறும் சேரும் இடம் கூட்டாறு. தூவானம், கூட்டாறு, சின்னாறு எனக் கேரள மண்ணில் வரிசையாக வரும் இப்பெயர்கள் எந்தத் துறையும் சூட்டியவை அல்ல. நீரோடு வாழ்ந்தவர்கள் நீரின் நடத்தையைப் பார்த்து இட்டவை.

மறையூரில் நாளின் கடைசி உருப்படி காத்திருக்கிறது. இங்கு வடிக்கப்படுவது மதுவன்று, தைலம். மலையாளத்தில் இஞ்சிப்புல், தெருவைப்புல் எனப்படும் தைலப்புல் இம்மலைச்சரிவுகளில் வளர்கிறது. அரிவாளால் அறுத்த புல்லைக் கலத்தில் அடைத்து ஆவியூட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து, வடிநீரின் மேல் மிதக்கிறது. வடித்து முடித்த சக்கை உலர்ந்து அடுத்த அடுப்புக்கு எரிபொருளாகிறது. நூறு கிலோ புல்லிலிருந்து கிடைக்கும் எண்ணெய் அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. இந்த எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால் என்னும் வேதிப்பொருள். அதிலிருந்து பெறப்படும் அயனோன் வாசனைப் பொருட்களுக்கும் வைட்டமின் ஏ தயாரிப்புக்கும் பயன்படுகிறது. உலகச் சந்தையில் இதற்குக் 'கொச்சின் எண்ணெய்' என்னும் பெயர் உண்டு. ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயர் நிலைத்தது. புல் வளர்ந்த மலையின் பெயரும் அறுத்த கையின் பெயரும் அதில் இல்லை. இப்பயிரை ஆராய்வதற்கென்றே 1951இல் எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது.

தைலம் வடிக்கும் கொட்டகை ஓடையை ஒட்டி இருப்பதற்குக் காரணம் குளிர்கலம்தான். ஓடையின் நீர் அதனுள் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதே நீர்தான் மறையூர், காந்தளூர் பகுதிகளின் கரும்புக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் வாய்க்கால் வழியே செல்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் அந்தக் கரும்பிலிருந்து வருவது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலும் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். அங்கே ஆவி விண்ணில் கலந்து வெல்லம் கலத்தில் தங்குகிறது. தைல வாலையில் ஆவியே விளைபொருள்.

எல்லாம் ஒரே நீரில் நடப்பதால் அதன் அளவு ஒவ்வொருவருக்கும் கவலையாகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கப்பட்ட 30 டிஎம்சியில் பாம்பாற்றுப் படுகையின் பங்கு 3 டிஎம்சி. அந்தப் பங்கைப் பயன்படுத்தக் காந்தளூர் அருகே பட்டிசேரியில் கேரளம் அணை கட்ட முற்பட்டபோது அமராவதிப் பாசன விவசாயிகள் அஞ்சினர். 2024 மே மாதம் வட்டவடையில் சிலந்தியாற்றின் குறுக்கே தடுப்பணை எழுந்தபோது தமிழ்நாடு முதலமைச்சர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். குடிநீருக்கான சிறு கட்டுமானம் என்பது கேரளத்தின் விளக்கம். மலைக் குடிகளுக்குக் குடிநீர் வேண்டும் என்பதும் உண்மை. கடைமடை வயலுக்கு நீர் குறையக்கூடும் என்பதும் மறுக்கத்தக்க அச்சம் அன்று. ஆனால் இரு தரப்பின் கணக்கிலும் ஆற்றுக்குள்ளேயே இருக்க வேண்டிய நீருக்கு இடம் மிகக் குறைவு. நரை அணிலின் மரவரிசையும் நீர்நாயின் மடுவும் அந்த எழுதப்படாத பங்கில்தான் பிழைத்திருக்கின்றன.

இப்பயணத்தை மேற்கொள்ள எண்ணும் மாணவர்கள் மழைக்குப் பிந்திய மாதங்களைத் தேர்ந்தால் அருவியில் நீரும் வாலையில் புல்லும் இருக்கும். மகிழுந்துக்குள் அமர்ந்தே காட்டைக் கடந்துவிடாமல், வனத்துறை வழியாக உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தி அரை நாளேனும் நடக்க வேண்டும். வாகன வாடகையில் குறைத்துப் பேரம் பேசலாம்; வழிகாட்டியின் கூலியில் வேண்டா. தைலத்தைக் கடைத்தெருவில் வாங்குவதினும் வடிக்கும் இடத்தில் வாங்குவது நன்று. அங்கே விலையைக் கேட்டபின் இன்னொன்றையும் கேட்கலாம்: குளிர்கலத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் அது எத்தனை மாதம் நிற்கிறது? எலப்புள்ளியில் ஊர் கூடிக் கேட்ட கேள்வியும் இதுவே. தைலம் வடிப்பவர் அதற்கு விரலால் ஓடையைச் சுட்டி விடை சொல்லிவிட முடியும். அப்படிச் சுட்டிக்காட்ட ஓடை இருக்கும் வரைதான் அங்கு வாலையும் அருவியும் நீர்நாயும் இருக்கும்.