இரண்டு விமானங்கள்

தஞ்சாவூருக்குப் போகும் பிரயாணியை ஊருக்கு வெகு முன்பே வரவேற்பது பெரிய கோவிலின் விமானம். நெல் வயல்களுக்கும் தென்னஞ் சோலைகளுக்கும் மேலாக, சுமார் 216 அடி உயரத்தில், ராஜராஜ சோழன் 1010-ம் ஆண்டில் நிறைவேற்றிய கருங்கல் மலை அது. நம் மொழியில் அதற்கும் விமானம் என்றே பெயர்; ஆகாயத்தில் பறக்கும் யந்திரத்துக்கும் விமானம் என்றே பெயர். முன்னது ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. பின்னதோ வெறும் கல் தூளுக்கு அஞ்சுகிறது!

அது என்ன கல் தூள் என்று கேட்பீர்கள். எரிமலைச் சாம்பல்தான். அடுப்புச் சாம்பலைப் போல் அது மிருதுவானதன்று. உருகிய பாறை வெடித்துச் சிதறி, நொடியில் குளிர்ந்து, கண்ணாடிப் பொடியாக மாறிய வஸ்து. ஜெட் யந்திரம் காற்றோடு அதையும் உறிஞ்சினால், உள்ளே உள்ள உஷ்ணத்தில் பொடி மறுபடி உருகிப் பாகுபோல் ஒட்டிக் கொள்கிறது. காற்று போகும் வழி அடைபடுகிறது. 1982 ஜூன் 24-ம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலை மேகத்தில் புகுந்தது. நான்கு யந்திரங்களும் அணைந்தன. தாழ இறங்கி நல்ல காற்றை அடைந்த பிறகே அவை உயிர் பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

ஜாவா சோழ நாட்டுக்குப் புதிய திசையன்று. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-ம் ஆண்டு வாக்கில் சென்றது அந்தக் கீழ்த்திசைக் கடல்களுக்குத்தான். அந்த வெற்றியைத் தஞ்சைக் கோவில் கல்வெட்டிலேயே காணலாம். 1883 ஆகஸ்டு 27-ல் ஜாவாவுக்கு அருகே கிரகடோவா வெடித்தபோது எழுந்த அலை நாகப்பட்டினம் கரையிலும் பதிவாயிற்று. மறு மாதம் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாய்த் தோன்றிற்று. அன்று வானில் விமானம் இல்லை. ஆகவே ஜனங்கள் வியந்ததோடு சரி.

இன்று நிலைமை வேறு. காவிரிக் கரைக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கிறார்கள். தஞ்சையிலுள்ள விமான தளம் விமானப் படைக்குரியது. ஆகையால் திருச்சிராப்பள்ளிக்குப் போய்த்தான் இவர்கள் விமானம் ஏறுகிறார்கள். 2025 நவம்பர் 23-ல் எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலையும் அரபிக் கடலையும் தாண்டி, மறுநாள் இரவு டில்லி வானத்தை எட்டியது. மேகம் சென்றது வடக்கே; ஆயினும் கொச்சியிலிருந்து வளைகுடா செல்லும் விமானங்களிலும் சில ரத்தாயின.

தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்பட்டவனிடம் "இன்று விமானம் இல்லை" என்றால் மனம் பதறத்தான் செய்யும். வானம் நிர்மலமாக இருக்கிறதே என்று கோபமும் வரும். ஆனால் மெல்லிய சாம்பல் இருளில் கண்ணுக்குத் தெரியாது. மழைத் துளியைக் காட்டும் ராடாரும் அந்த உலர்ந்த தூளைக் காட்டாது. அதற்காகவே உலகில் ஒன்பது எச்சரிக்கை நிலையங்கள், செயற்கைக் கோள்களின் துணையோடு இரவு பகலாய்க் காவல் இருக்கின்றன. ஜாவாவின் மலைகளைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையம்.

மேட்டூர் அணை திறக்கக் காத்திருந்து நாற்று விடும் குடும்பங்களுக்குக் காத்திருப்பது புதிதன்று. ஒரு நாள் தாமதமானாலும் பிள்ளை வீடு வந்து சேர்வதல்லவா முக்கியம்?