அழிய மறுக்கும் கோப்பு

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனின் தொழில்களை ஐந்தாக வகுத்துரைப்பது சைவசித்தாந்த மரபு. இவற்றுள் முதல் மூன்றும் தன் விரல்நுனிக்கு வாய்த்துவிட்டன என்னும் எண்ணம் கணனியின் முன் அமரும் மனிதனுக்கு எளிதில் உண்டாகின்றது. ஒரு கோப்பினை அவன் ஆக்குகின்றான், பெயரிட்டுச் சேமிக்கின்றான், வேண்டாதபோது நீக்குகின்றான். ஆயினும், சிற்சில வேளைகளில் அம்மூன்றாந் தொழில் தடைப்பட்டு நிற்கின்றது. அக்கோப்பு வேறொரு செய்நிரலிலே திறந்திருப்பதால் அதனை நீக்கவியலாது என்னும் அறிவிப்புத் திரையிலே தோன்றுகின்றது. எத்தனை முறை முயன்றாலும் அதே மறுமொழிதான்.

அவ்வேளையிற் பலருக்கும் எழுவது சினமே. தம் பொருளைத் தாமே அகற்றவியலாத நிலை அவர்களுக்கு ஓர் அவமதிப்பாகவே தோன்றுகின்றது. எவ்வாறு வலிந்து நீக்கலாம் என்பதே அவர்தம் முதல் வினாவாகின்றது. ஆனால், அதற்கு முன்னர்க் கேட்கப்படவேண்டிய வினா வேறொன்றுண்டு. அக்கோப்பினைப் பற்றியிருப்பது யார் என்பதே அது. இவ்வினா ஏன் முதன்மையானது என்பதை உணர்வதற்கு, கணனியில் நீக்குதல் என்பது உண்மையில் யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

சேமிப்புத் தட்டிலே கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும் அதன் பெயர் வேறோரிடத்திலும் இருக்கின்றன. நூலகத்திலே நூல் அலுமாரியிலும் அதன் விவர அட்டை பட்டியற் பெட்டியிலும் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். கோப்பினை நீக்கும்போது பொதுவாக அகற்றப்படுவது அட்டையேயன்றி நூலன்று. 1981 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் என்னும் பணிசெயல் முறைமையில், நீக்கற் கட்டளையானது கோப்புப் பெயரின் முதலெழுத்தை ஒரு குறியாக மாற்றி, கோப்பு இருந்த இடத்தை வெற்றிடமெனக் குறித்துக்கொண்டது, உள்ளடக்கத்தைத் தொடவில்லை. 1991 இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, நீக்கிய கோப்பினை மீட்கும் கட்டளையொன்றையும் உடன் தந்தது. மீட்க விரும்புவோரிடம் இழந்துபோன அம்முதலெழுத்தை அது கேட்டுப் பெற்றது. புதிய தரவுகள் அவ்விடத்தை நிரப்பும்வரை பழையவை அங்கேயே கிடந்தன. இன்றைய திண்மநிலைச் சேமிப்பகங்களில் நிலைமை ஓரளவு வேறுபடினும், அழித்தல் எனப்படுவது முதற்கண் மறைத்தலே என்பது பெரிதும் பொருந்தும்.

மறைத்தல் இத்துணை எளிய செயலாயின், கணனி அதனை ஏன் மறுத்தல் வேண்டும்? இங்கு இருவேறு மரபுகளைக் காணலாம். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையிலே, கோப்பினை நீக்கும் செயலுக்கு இடப்பட்ட பெயரே பிணைப்பை அவிழ்த்தல் என்று பொருள்படுவது. அங்கு பெயர் உடனே மறைந்துவிடும். ஆனால், ஒரு செய்நிரல் அக்கோப்பினைத் திறந்து வைத்திருக்குமாயின், அது கைவிடும்வரை உள்ளடக்கம் நிலைத்திருக்கும். அதன் பின்னரே இடம் விடுபடும். விண்டோஸ் மரபோ வேறு. அங்கு ஒரு செய்நிரல் கோப்பினைத் திறக்கும்போதே, பிறர் அதனை நீக்குவதற்கு இடந்தருவதா இல்லையா என்பதையும் அறிவித்துவிடுகின்றது. இடந்தராதவிடத்துப் பெயரும் அகலாது; பயனர் காண்பது மறுப்பையே. முறைகள் வேறாயினும் கடப்பாடு ஒன்றுதான்: ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளை அவர் கையிலிருந்து பறித்தலாகாது.

இக்கடப்பாட்டின் பெறுமதி சாதாரண வீடொன்றிலே வெளிப்பட்டதுண்டு. இறுதியாண்டு மாணவி ஒருத்தியும் உயர்தர வகுப்பிற் பயிலும் அவள் தம்பியும் ஒரே கணனியைத் தனித்தனிப் பயனர் கணக்குகளிற் பாவித்து வந்தனர். ஆய்வேட்டுக்கான ஒலிப்பதிவுகளுக்கு இடம் தேவைப்பட்டபோது, இருவருக்கும் பொதுவாயிருந்த பழைய கோப்புறையொன்றை நீக்க அவள் முற்பட்டாள். மும்முறை முயன்றும் அது நீங்கவில்லை. தொலைபேசியிலே தோழி சொன்ன வழி எளிதாயிருந்தது: கணனியை மறுதொடக்கம் செய்தாற் போதும், பற்றியிருக்கும் எதுவும் விட்டுவிடும். அவ்வாறே செய்ய முனைந்தபோது வேறோர் அறிவிப்புத் தோன்றியது. இன்னொருவர் இக்கணனியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றார். இப்போது மறுதொடக்கம் செய்தால் அவர் சேமிக்காத வேலை இழக்கப்படலாம் என்பது அதன் சாரம்.

அவள் கையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"தம்பி, கொம்பியூட்டரிலை ஏதும் திறந்து வைச்சிருக்கிறியோ?"

"ஓமக்கா, என்ரை ஒப்படை. இன்னும் சேவ் பண்ணேல்லை."

தங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி அவன் எழுதிவந்த ஒப்படை அது. பிற்பகல் முழுவதும் தட்டச்சுச் செய்த பகுதி கணனியின் தற்காலிக நினைவகத்தில் மாத்திரமே இருந்தது. தன் கணக்கை மூடாமலே அவன் எழுந்து போயிருந்தான். அவன் வந்து ஒப்படையை வேறிடத்திற் சேமித்து மூடிய பின்னர், அக்கோப்புறை ஒரே சொடுக்கில் நீங்கிற்று. அக்காள் இடையூறெனக் கருதிய மறுப்பு, தம்பியின் உழைப்புக்குக் காவலாக இருந்தது.

மறுப்புகள் யாவும் இத்தகையன என்று கொள்ளுதல் தவறாகும். சில வெறும் மரபெச்சங்களே. கொன், நல், ஓக்ஸ் முதலிய பெயர்கள் பழைய முறைமைகளிலே சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றைப் பெயராகக் கொண்ட கோப்பு வேறொரு முறைமையிலிருந்து வந்து சேருமாயின், விண்டோஸ் அதனைச் சாதனமென மயங்கி நீக்க மறுப்பதுண்டு. கோப்புறைகள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டு, பாதையின் நீளம் 260 எழுத்துக்களைக் கடக்கும்போதும் இவ்வாறே நிகழலாம். இன்னுஞ் சில மறுப்புகள் உரிமை பற்றியவை. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ஒரு கோப்பினை நீக்கும் உரிமை பொதுவாகக் கோப்பினைச் சார்ந்ததன்று, அது உறையும் அடைவினைச் சார்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி. தீங்கு செய்யும் நிரல்கள் தம் கோப்பினைத் தாமே பற்றிக்கொண்டு அகல மறுப்பதும் உண்டு. அத்தகையவற்றுக்கு இரக்கம் வேண்டியதில்லை. இன்றியமையாத செய்நிரல்களை மட்டும் இயக்கும் பாதுகாப்பு நிலையிற் கணனியைத் தொடங்கி அவற்றை அகற்றுதலே தகும்.

ஆயின், எது காவல், எது மரபெச்சம், எது தீங்கு என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின் கேட்டே ஆகவேண்டும். கேட்பதற்குக் கருவிகளும் உள்ளன. விண்டோஸ் உடன் வரும் வளக் கண்காணிப்பியிலே கோப்பின் பெயரைத் தேடினால், அதனைத் திறந்து வைத்திருக்கும் செய்நிரல் இன்னதெனத் தெரியவரும். யுனிக்ஸ் வழி முறைமைகளில் எல்.எஸ்.ஓ.எஃப் என்னும் கட்டளை அதே பணியைச் செய்கின்றது. செய்நிரலை அறிந்தபின் முறையாக மூடுதல், மூடவியலாதபோது பிறர் எவரும் பயன்படுத்தவில்லையென உறுதிசெய்து மறுதொடக்கம் செய்தல் என்பன அடுத்தடுத்த படிகள். வலிந்து நிறுத்துதல் இறுதிப் படியாகவே இருத்தல் வேண்டும். மறுப்பு வந்த மாத்திரத்தே இறுதிப் படிக்குத் தாவுவோர், தாம் எதனை இழந்தோம் என்பதைப் பின்னரே அறிவர். பிறர் எதனை இழந்தனர் என்பதை அறியாமலே போதலுங் கூடும்.

கணனி பகுத்துணர்வற்ற பொறி. யாருடைய உழைப்பும் அதற்குப் பொருட்டன்று. எனினும், தன் முன் இல்லாத ஒருவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகையில் அதனை வடிவமைத்தோர் மனிதர். ஒரே கணனியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளும் விடுதிகளும் ஆய்வுகூடங்களும் உள்ளவரை அவ்வேற்பாடு வேண்டப்படும். கோப்பொன்று அழிய மறுக்கும்போது, அதனை யார் பற்றியிருக்கின்றார் என்று கேட்பதற்குச் செலவாவது ஒரு நிமிடம். கேளாது விடுவதால் இழக்கப்படக்கூடியது இன்னொருவரின் ஒருநாள் உழைப்பு.