விழுந்த காயமா?

இரு மொழிகளும் அறிந்தவர் எவரும் மொழிபெயர்த்துவிடலாம் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கல்லூரியில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் நமக்கு அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உணர்த்தியவர் ஒரு சிங்களத் தாதி. இடம், கண்டிப் பகுதியிலுள்ள வைத்தியசாலையொன்றின் பெண்கள் விடுதி.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த எம் மாமியாருக்குத் துணையாக அங்கே தங்கியிருந்தோம். ஒருநாள் பிற்பகல் அடுத்த கட்டிலுக்கு ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முன்கை எலும்பு முறிந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டபோது அவள் வாய் திறக்குமுன், "லயத்து வாசல்ல வழுக்கி விழுந்திருச்சுங்க" என்று கணவன் விடை சொன்னான். மிகவும் பணிவுள்ளவன். மனைவிக்கு வாங்கிவந்த தேநீரில் எமக்கும் ஒரு கோப்பை தந்தான். இத்தகைய கணவன் வாய்த்தவள் பாக்கியசாலி என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

ஆனால் அந்தத் தாதி வேறொன்றைக் கண்டுகொண்டார். கை முறிந்தவள் இரண்டு நாள் கழித்தே வைத்தியசாலைக்கு வந்திருக்கிறாள். மற்றக் கையிலே ஆறிவரும் பழைய காயமொன்று உண்டு. எந்தக் கேள்விக்கும் அவள் முதலிலே கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அவனோ கட்டிலை விட்டு அகலுவதாயில்லை.

தாதி ஒன்றும் பேசவில்லை. பத்திரமொன்றைப் பூர்த்தி செய்ய வேண்டுமென்று கூறி, அவனைக் கீழ்த்தளத்து அலுவலகத்திற்கு அனுப்பினார். பின்பு திரைச்சீலையை இழுத்துவிட்டு எம்மிடம் வந்தார். விடுதியில் தமிழ் பேசும் தாதி எவரும் அவ்வேளை கடமையில் இல்லை. "டீச்சர், நான் சொல்வதை அப்படியே தமிழில் சொல்லுங்கள். இங்கே கேட்பது வெளியே போகக் கூடாது" என்றார். அந்தப் பெண்ணிடமும், நாம் உடன் இருப்பதற்குச் சம்மதமா என்று சைகையாற் கேட்டுக்கொண்டார்.

தாதி சிங்களத்தில் வினாவியது இதுதான்: "இப்படிக் காயத்தோடு வரும் பெண்களிற் சிலரை வீட்டில் யாராவது அடித்திருப்பதுண்டு. உங்களையும் யாராவது அடித்தார்களா?"

நாம் தமிழிற் சொன்னது இது: "வீட்டிலே ஏதும் சண்டையா அம்மா? ஏன் அடித்தார்?"

"இல்லீங்க, எம்மேலதான் தப்பு. நான்தான் விழுந்துட்டேன்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாதிக்குத் தமிழ் சிறிதளவே தெரியும். ஆனால் அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. "டீச்சர், நான் 'ஏன்' என்று கேட்கவில்லையே" என்றார்.

நாம் நாணிப் போனோம். 'ஏன் அடித்தார்' என்று கேட்பவர், அடிப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்று முன்னரே தீர்ப்பளித்துவிடுகிறார். 'நீ என்ன செய்தாய்' என்பதே அதன் உட்பொருள். அதைக் கேட்டவள் தன்மீது பழியைச் சுமந்துகொண்டதில் வியப்பென்ன? இலக்கணம் கற்பிக்கும் நாம் ஒரு வினாச் சொல்லால் ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டோம்.

இரண்டாம் முறை, தாதியின் சொற்களை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் மௌனம். பின்பு அவள் தலையசைத்தாள்.

தாதி வியப்புக் காட்டவில்லை; கணவனை ஏசவுமில்லை. "சொன்னது நல்லது. இது உங்கள் குற்றமன்று" என்றார். அடுத்துக் கேட்டவை எம்மை நடுங்கவைத்தன. கழுத்தை நெரித்ததுண்டா? கத்தி முதலியவற்றைக் காட்டி மிரட்டியதுண்டா? அண்மைக்காலத்தில் அடி கூடியிருக்கிறதா? உயிருக்கே ஆபத்து வருமென்று நினைக்கிறீர்களா? இவை வீண் வினாக்கள் அல்ல. கழுத்து நெரிபட்டவருக்கு வெளியே தழும்பு இல்லாமலும் உள்ளே பேராபத்து இருத்தல் கூடும். குரல் கம்முதல், விழுங்க இயலாமை ஆகியவை அதன் குறிகள். அத்தகையவரை உடனே வைத்தியர் பரிசோதிக்க வேண்டும்.

அன்று கண்டதைப் பின்பு நூல்களிலும் தேடிப் படித்தோம். அந்தத் தாதி செய்தது மனம்போன போக்கிற் செய்ததன்று என்று தெரிந்தது. 2013 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய குறிகள் தென்படும்போது தனிமையில் வினாவும்படி மருத்துவப் பணியாளருக்குக் கூறுகின்றது. செய்ய வேண்டியவை ஐந்து: பரிவோடு செவிமடுத்தல், அவளுக்கு வேண்டியதை வினாவுதல், அவள் சொல்வதை நம்புவதாக உணர்த்துதல், பாதுகாப்புக்கு வழி தேடுதல், மேற்கொண்டு உதவுவோரிடம் சேர்த்தல். எலும்பு முறிவு மட்டும் குறியன்று. காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, உறக்கமின்மை என்று அடிக்கடி வருவோரிடமும், கர்ப்பிணிகளிடமும் இந்தத் துன்பம் மறைந்திருக்கலாம். கணவனோ பிள்ளையோ மொழிபெயர்க்கலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. எம்மைப் போன்ற அயலாரை அழைப்பதும் உண்மையில் நல்வழியன்று. 1987 இலேயே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளிலிருந்து வரும் தாய்மார் தம் துயரைத் தம் மொழியிற் சொல்ல, பயிற்சி பெற்ற தமிழ்த் தாதியர் வேண்டாமா? எம் மாணவியருட் சிலராவது அத்தொழிலை நாட வேண்டுமென்று இப்போது வகுப்பிலே சொல்லிவருகிறோம்.

பயிற்சியாற் பயனுண்டா என்று ஐயுறுவோருக்குக் கண்டி மாவட்டமே சான்று. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் இம்மாவட்டத்துப் பொதுச் சுகாதார மருத்துவிச்சிகளுக்கு இவ்விடயத்திற் பயிற்சி அளித்து ஆராய்ந்தார்கள். அவ்வாய்வு 2015 இல் வெளிவந்தது. பயிற்சிக்குப் பின் அவர்களுடைய அறிவும் துணிவும் வளர்ந்தன என்பது அதன் முடிபு. வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சிக்குத் தெரியாத அடுக்களை உண்டோ?

இது லயத்துக்கு மட்டும் உரிய நோய் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடெங்கும் நடத்திய ஆய்வின்படி, மணவாழ்வு அல்லது துணைவாழ்வு கண்ட பெண்களுள் ஐவரில் ஒருவர் தம் துணைவரால் உடல்வழியோ பாலியல்வழியோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். நகரத்தில், கற்றோர் வாழும் எம் வீதியிலேயே, ஒரு வீட்டிலிருந்து எழுந்த அழுகுரலைப் பல இரவுகள் கேட்டிருக்கிறோம். 'குடும்ப விவகாரம்' என்று சன்னலைச் சாத்திக்கொண்டோம். அந்தச் சன்னலும், அன்று நாம் கேட்ட 'ஏன்' என்ற சொல்லும் ஒன்றே.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இதனைக் குடும்ப விவகாரமென்று ஒதுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். 14 நாட்களுள் விசாரணை நடைபெறல் வேண்டும். விசாரணையின் பின் வழங்கும் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில், சிங்களத்தில் 'மிதுரு பியச' என்றும் தமிழில் 'நட்பு நிலையம்' என்றும் வழங்கும் பிரிவுகள் உள்ளன. 1938 என்ற தொலைபேசி எண்ணிலும் பெண்கள் உதவி கேட்கலாம்.

இவற்றையெல்லாம் அந்தத் தாதி எளிய சொற்களில் எடுத்துரைத்தார். ஆனால், "இன்றே அவனை விட்டு வா" என்று கட்டளையிடவில்லை. விட்டுப் பிரியும் வேளையே பல பெண்களுக்கு ஆபத்தான வேளை என்பதை அவர் அறிவார். கணவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவுமில்லை. கண்டித்தால் வீடு திரும்பியபின் யார் அந்தக் கோபத்தைத் தாங்குவது? "பொலிசுக்குப் போனா புள்ளைங்க என்னாகும் மிஸி?" என்று அவள் அழுதபோது, போகத்தான் வேண்டுமென்று வற்புறுத்தாது, பிள்ளைகளோடு அவசரத்தில் எவர் வீட்டிற்குச் செல்ல முடியும், அடையாள அட்டையையும் சிறிது பணத்தையும் எங்கே வைக்கலாம் என்று கேட்டார். கணவன் கண்ணிற் பட்டுவிடும் என்று துண்டுப் பத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. எண்ணை மட்டும் மனத்தில் இருத்தச் செய்தார். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துவைத்தார். பிற்காலத்தில் வழக்கென்று வந்தால் அக்குறிப்பு பேசும்.

மூன்றாம் நாள் அவள் அதே கணவனோடு வீடு திரும்பினாள். எமக்கு மனம் ஆறவில்லை. பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே என்று தாதியிடம் சொன்னோம். அவர் சிரித்து, "இல்லை டீச்சர், கதவு எங்கே இருக்கிறதென்று இப்போது அவருக்குத் தெரியும்" என்றார்.

அவள் யார், எத்தோட்டத்தவள் என்பதை நாம் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். ஆயினும் ஒன்றை மட்டும் சொல்லலாம். புறப்படுமுன், கணவன் பையை எடுக்கக் குனிந்த நேரத்தில், அவள் எம் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்: "அந்த மிஸி எந்தெந்தக் கெழமை இங்க இருப்பாங்க?"

தாதியிடம் கேட்டுவந்து சொன்னோம். இம்முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.