தண்ணீர் விட்டவருக்கும் அழைப்பு உண்டு

தங்கவயலில் ஒரு பையன் தொடர்ந்து நாலு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து, கூடவே கொஞ்சம் கிதாரும் வாசித்துவிட்டால் போதும். ‘இவனுக்கு ஊழிய அழைப்பு இருக்கு’ என்று அத்தைமார்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அவன் ஏதாவது ஒரு வேதாகமக் கல்லூரியில் இருப்பான். அதே தெருவில் ஒரு பெண் நர்சிங் முடித்துவிட்டு, பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி டியூட்டி பார்த்து, காலை ரயிலில் தூங்கி விழுந்தபடி வீட்டுக்கு வருவாள். அவளைப் பற்றிக் கேட்டால், ‘கர்த்தர் நல்ல வேலை குடுத்திருக்கார்’ என்பார்கள். அவனுக்குக் கிடைத்தது அழைப்பு, அவளுக்குக் கிடைத்தது சம்பளம். இப்படிப் பங்கு பிரித்தது யார் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கேள்வி.

எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கச் சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் ஊரில் காணி நிலம் இல்லாத, சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். தகரமும் தட்டியுமாக நின்ற லைன் வீடுகளில் குடியேறினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. காலையில் கூண்டில் ஏறி இறங்கியவர் மாலையில் மேலே வருவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாறை வெடித்தால் சங்கு ஊதும். பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஜெபம் உரத்துத்தான் ஒலிக்கும். சாட்சி சொல்ல எழுந்தவர்கள் கனவையும் வெளிச்சத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரலையும்தான் சொன்னார்கள். கேட்டு வளர்ந்த நாங்களும், கடவுள் கூப்பிட்டால் அப்படித்தான் கூப்பிடுவார் என்று எடுத்துக்கொண்டோம். அப்படி ஒரு குரலும் கேட்காதவர்கள் தங்களை ‘சாதாரண விசுவாசி’ என்று சொல்லிக்கொண்டு பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பேத்தமங்களாவில் அப்படிப் பின்பெஞ்சில் உட்காரும் பெரியவர் ஒருவரைத் தெரியும். பாலாற்றின் குறுக்கே நிற்கும் ஏரியும் அதன் கரையில் இருக்கும் நீரேற்று நிலையமும்தான் அந்த ஊருக்கு அடையாளம். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதை எல்லோருக்கும் மனப்பாடம். அதே காலத்தை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பேத்தமங்களாவிலிருந்து குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொண்டுவந்ததைப் பற்றி யாரும் பெருமை அடித்து நான் கேட்டதில்லை. விளக்கு எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்தால் குடித்துவிட்டுப் போய்விடுவோம்.

பெரியவர் அந்தப் பம்பு ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிகாரம் எவ்வளவு போட வேண்டும், குளோரின் எப்போது கூடிவிட்டது, மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீரை எத்தனை நேரம் தெளியவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பேசும்போதுகூடச் சற்றுத் தலையைச் சாய்த்துத்தான் கேட்பார். இத்தனை வருஷம் இயந்திரத்துக்குக் காது கொடுத்த பழக்கம். இன்றைக்கும் அந்தப் பக்கமாகப் போனால், உள்ளே இருக்கும் இளைஞர்களைக் கூப்பிட்டு, ‘மூணாவது மோட்டார் முனகுதுப்பா, பாரு’ என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாராம்.

ஞாயிறு காலை ஷிப்ட் விழுந்தால் ஆராதனை பாதி முடிந்த பிறகுதான் வந்து சேர்வாராம். ஒரு தடவை சபை மூப்பர் ஒருவர், ‘கர்த்தருக்குக் குடுக்க வேண்டிய நேரத்தை வேலைக்குக் குடுத்துட்டியே’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: ‘ஐயா, நான் வால்வைத் திறந்ததாலதான் நீங்க எல்லாரும் குளிச்சிட்டுக் கோயிலுக்கு வந்திருக்கீங்க.’

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் கேட்டவரையில் அதைவிட நல்ல பிரசங்கம் குறைவு. ‘உங்களுக்கு அழைப்பு உண்டா தாத்தா?’ என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். ‘எனக்கு ஏது நைனா அதெல்லாம்? நான் தண்ணி விட்டவன்’ என்றார். அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுத்த மனிதர், கடவுள் தன்னை எதற்கும் கூப்பிடவில்லை என்று நம்பிக்கொண்டு முதுமையை எட்டியிருக்கிறார். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நம் சபைகள்தான்.

வேதாகமம் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாத்திராகமத்தில் கடவுள் ஒருவனைப் பேர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினதாக ஓர் இடம் வருகிறது. அவன் தீர்க்கதரிசியும் அல்ல, ஆசாரியனும் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிற பெசலெயேல் என்ற கைவினைஞன். யோப்பா பட்டணத்துத் தொற்காள் எங்கும் பிரசங்கித்ததாகக் குறிப்பே இல்லை. விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்தபோது அந்த விதவைகள் தூக்கிக் காட்டி அழுதது அவள் தைத்த அங்கிகளைத்தான். பவுல் அப்போஸ்தலனே கூடாரம் தைத்துப் பிழைத்தவர். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேசினார். மற்ற நாளில் ஊசியும் கையுமாக இருந்தார்.

பேத்தமங்களாவைத் தாண்டிப் போகிற பாலாறு ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூரைத் தொடுகிறது. வேலூர் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் முதல் அழைப்புக் கதை ஐடா ஸ்கடருடையது. 1870-இல் இராணிப்பேட்டையில் மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்த ஐடாவுக்கு, அந்தக் குடும்பத் தொழிலே வேண்டாம் என்றுதான் எண்ணம். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு முடியாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று கெஞ்சினார்கள். மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

இந்தக் கதையைப் பிரசங்க மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஐடா மறுநாளே வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, வருஷக்கணக்கில் எலும்பும் நரம்பும் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் சின்னதாக மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். 1902-இல் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. கூப்பிட்ட குரல் ஒரு ராத்திரிக்குரியது. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்பட்டது. உணர்ச்சி பொங்கிய கூட்டத்தில் கை தூக்கிவிட்டு, மறுநாள் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளுக்கு இந்த நடுப்பகுதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே தங்கள் காசில் மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் வந்து செய்யட்டும் என்று நாம் ஏன் காத்திருக்கிறோம் என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1903-இல் நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். மற்றவர்களை ‘போங்கள்’ என்று அனுப்பிக்கொண்டிருந்தவர், ‘நானே ஏன் போகக்கூடாது’ என்ற கேள்விக்கு வந்து சேர ஆறு வருஷம் ஆயிற்று. 1909-இல் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடி படித்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பேராயர் பட்டம் பெரியதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரு சங்கத்தின் செயலாளராகக் கௌரவமாக இருந்தவர் மாட்டு வண்டியில் ஏறிப் பஞ்சக் குடிசைகளுக்குப் போன முடிவு.

இந்த இருவரிடமும் ஒரு பொதுவான சங்கதி உண்டு. தங்களுக்கு என்ன திறமை இருக்கிறது, எதில் மனசு நிறையும் என்று இருவரும் முதலில் தேடவில்லை. ஒரு தேவை அவர்கள் கண்ணில் பட்டது. பட்ட பிறகு விடவில்லை. அழைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லத் துணிவது இதைத்தான். எந்தக் குறையைப் பார்த்தும் மற்றவர்கள் கடந்து போகிறார்களோ, உன்னால் மட்டும் போக முடியவில்லையோ, அங்கே நின்று கவனி.

அது மட்டும் போதுமா என்றால், போதாது. சிறுவனாகிய சாமுவேல் மூன்று தடவை தன் பேரைக் கேட்டும், கூப்பிட்டது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் மங்கிய ஏலிதான் அதைச் சொல்லிக்கொடுத்தார். ஏலி ஒன்றும் குறையற்ற மனிதர் அல்ல. பெற்ற பிள்ளைகளைத் திருத்த முடியாதவர். இருந்தும் அந்த மூத்தவர் இல்லாமல் சாமுவேல் போய்ப் படுத்துத் தூங்கியிருப்பான். ‘கர்த்தர் என்னோடு நேரடியாகப் பேசினார், யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்’ என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பயம்தான். உங்களைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர், உங்கள் கோபமும் சோம்பலும் தெரிந்தவர், ‘ஆமாம், இது உனக்குத்தான்’ என்று சொல்லட்டும். சொல்லவில்லை என்றால் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தாத்தா, அப்பா என்று மூன்று தலைமுறை இறங்கிய ஷாஃப்ட்டில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அன்றைக்கு வேலை போனவர்களில் பலர், ‘இனி நான் எதுக்கு?’ என்றுதான் கேட்டார்கள். பணக் கஷ்டத்தைவிட அந்தக் கேள்வி அவர்களைச் சாய்த்தது. வேலைதான் அழைப்பு என்றால், வேலை போனதும் அழைப்பும் போய்விடுமா?

இதற்கும் வேலூரில்தான் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. மேரி வர்கீஸ், கேரளத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நின்றபடி அறுவை சிகிச்சை செய்கிற வாழ்க்கை அத்தோடு முடிந்தது. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்றுக்கொண்டார். நடக்க முடியாத ஒருவர், விரல் மடங்கியவர்களின் கையை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவர் செய்துவந்த வேலையை விபத்து பறித்தது. நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற அழைப்பை அதால் தொட முடியவில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் இன்றைக்கும் தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்குப் போகிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனி என்று பல வேலை. தம்பி தங்கையைப் படிக்க வைக்க, அப்பாவின் நுரையீரலுக்கு மருந்து வாங்க, வீட்டு வாடகை கட்ட ஓடுகிறவர்கள். இவர்களிடம் போய், ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா’ என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. சிலரை அப்படி விட்டுவரச் சொல்லி கடவுள் கூப்பிடுகிறார். அதை நான் மறுக்கவில்லை. தாயையும் தங்கையையும் தாங்குகிற தோளையும் அவர்தான் கொடுத்தார். அந்தச் சுமையை இறக்கிவைத்துவிட்டு வருவதுதான் பக்தி என்று யாரும் பிள்ளைகளைக் குழப்பக் கூடாது.

அதனால் சபைப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாலிபர் முகாமின் கடைசி நாளில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்களை முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து ஜெபிப்பீர்கள். நல்லது, செய்யுங்கள். அதே வரிசையில் ராத்திரி டியூட்டி நர்ஸையும், கார்மெண்ட்ஸுக்குப் போகிற அக்காவையும், அரசுப் பள்ளி வாத்தியாரையும், பம்பு ஹவுஸ் ஆபரேட்டரையும் நிறுத்துங்கள். அவர்கள் தலையிலும் அதே கையை வையுங்கள். அதற்குப் பத்து நிமிஷம்தான் கூடுதலாக ஆகும். தன்னைக் கடவுள் எதற்கும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் கிழவராவதைத் தடுக்க அது போதும்.