மேட்டு லயமும் பிரதேச சபையும்

மாதத்தில் ஒரு நாள் மட்டும் அம்மூதாட்டி கோழி கூவுமுன்னரே எழுந்துவிடுகிறாள். மாத்தளை நகரிலிருந்து கிழக்கு நோக்கி மலையேறும் வீதிகளுள் ஒன்றன் அருகே, தோட்டமொன்றின் மேட்டு லயத்தில் அவளது காம்பிரா இருக்கிறது. அங்கிருந்து வீதிக்கு வர நூற்றுப் பதினெட்டுப் படிகள். சில கருங்கல்லால் ஆனவை; பல, மண்ணை வெட்டி மிதித்து மிதித்துப் படியானவை. இளமையில் இதே படிகளில் விடியற் கருக்கலில் தலையில் கூடையுடன் பெரட்டுக்கு ஓடியவள் அவள். அப்பொழுது அவற்றை எண்ணத் தோன்றவில்லை. முழங்கால்கள் நோவெடுத்த பின்னரே எண்ணத் தொடங்கினாள். இன்று, இடக்கையால் பேத்தியின் தோளையும் வலக்கையால் தடியையும் பற்றிக்கொண்டு அவள் கீழே வருவதற்கு முக்கால் மணி நேரம் செல்கிறது. முதியோர் கொடுப்பனவு வழங்கப்படும் நாள் அது. உபதபாலகத்துக்குச் செல்லும் அந்த ஒரு நாளே அவள் லயத்தை விட்டு வெளியே செல்லும் நாளுமாகும்.

அவளுக்கு வயது எழுபத்தெட்டு. வெள்ளைக்காரன் போன வருடத்தில் தான் தவழ்ந்துகொண்டிருந்ததாகத் தாய் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனால் அடையாள அட்டையின்படி அவளுக்கு வயது எழுபத்தொன்றுதான். பிறப்புப் பதிவு இல்லாத காரணத்தால், உத்தியோகத்தர் ஒருவர் முகத்தைப் பார்த்து மதித்து எழுதிய ஆண்டு அது. தோட்டத்துச் செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறிய இன்னொரு பெயர், வீட்டில் அழைக்கும் பெயர் வேறு. எழுபது வயதைக் கடந்தோருக்கே கொடுப்பனவு என்பது விதியாதலால், ஏட்டில் அவள் எழுபதை எட்டும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஏழாண்டுக் காலக் கொடுப்பனவை அவள் இழந்தது இவ்வாறுதான்.

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். கழிந்த இளமையை நினைந்து இரங்கும் அப்பாடலில் வரும் ஊன்றுகோலே அவர்க்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கலாயிற்று. பெயர் மறைந்து தடி மட்டும் எஞ்சுவது இலக்கியத்தில் ஓர் அழகு. அரசாங்க அலுவலகத்தின் நீண்ட வரிசையில் நிற்பவர்க்கோ அது அழகன்று.

இப்பெயர்க் குழப்பம் தனியொருத்தியின் விதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னாரில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை, நாலந்த வழியே கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தனர். மலைநாட்டின் வாசல் அவர்களுக்கு இம்மாவட்டமே. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை கொண்டு பங்கிட்டது. மூதாட்டியின் அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான். அவள் இங்கேயே தங்கினாள். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. அவ்வேளை அவள் ஐம்பத்தைந்தைக் கடந்தவள். உழைக்கும் வயது முழுவதையும் நாடற்றவளாகக் கழித்து, ஓய்வுபெறும் வயதிலேயே குடியாளானவள் எனின் மிகையாகாது.

நமது நாடு விரைவாக மூப்படைந்து வருகிறது என்பதை யாவரும் அறிவர். 1981ஆம் ஆண்டில் அறுபது வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் 6.6 சதவீதமாயிருந்தனர், 2012ஆம் ஆண்டில் அது 12.4 சதவீதமாயிற்று, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அது மேலும் உயர்ந்தமையைக் காட்டியது. இதனை உணர்ந்தே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அறுபது வயதைக் கடந்தோர் முதியோர் என வரையறுக்கப்பட்டனர். தேசிய முதியோர் பேரவையும் செயலகமும் தோன்றின. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் குழுக்கள் அமைக்கப்படலாயின. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்றும், புறக்கணிக்கப்பட்டோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு நெடுங்காலம் 2,000 ரூபாயாக இருந்து, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இவையாவும் வரவேற்கத்தக்கவையே. எனினும் சட்டம் கொழும்பில் பிறக்கிறது. முதுமையோ லயத்திலும் கிராமத்திலும் கழிகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்கவல்லது உள்ளூராட்சி மன்றமே. வீதி விளக்கு, நடைபாதை, பொதுக் கிணறு, வாசிகசாலை, பொதுச் சந்தை, மலசலகூடம், இடுகாடு முதலியன அதன் பொறுப்பில் உள்ளவை. முதியவர் ஒருவரின் ஒரு நாளைத் தீர்மானிப்பவையும் பெரும்பாலும் இவையே அல்லவா?

மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை ஆகிய இரண்டு மாநகர சபைகளும் பதினொரு பிரதேச சபைகளும் உள்ளன. நகரத்து முதியவருக்கு மாநகர சபையின் வாசிகசாலை உண்டு. பூங்காவில் இருக்கை உண்டு. மாசிமகத்தன்று முத்துமாரியம்மன் தேர் தெருவழியே வருங்கால் வாசலில் நின்று வணங்கவும் முடியும். வில்கமுவவிலோ லக்கலையிலோ வாழும் சிங்கள முதியவரின் நிலை வேறு. களுகங்கைத் திட்டத்தால் பழைய லக்கல நகரம் நீருள் மூழ்க, புதிய நகரம் எழுந்தது. வீதிகள் அகன்றன; கட்டடங்கள் உயர்ந்தன; ஆயினும் பழகிய ஆலமரத்தடியும் அண்டை வீட்டுத் திண்ணையும் திட்ட வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. முதுமையின் துயருக்கு இனமில்லை, மொழியில்லை என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் தோட்டத்து முதியவருக்கு மட்டும் உரியதாய் ஒரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிட வழியிருக்கவில்லை. தோட்டம் தனியார் நிலமாகக் கருதப்பட்டது. அதனுள் ஓடும் பாதை பொதுப்பாதை ஆகவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்தனர்; அவர்தம் வாக்கினால் உறுப்பினர்கள் சபைக்குச் சென்றனர்; ஆனால் அவ்வுறுப்பினர் விரும்பினும் லயத்துப் படியில் ஒரு கல்லைப் பதிக்கச் சபையின் பணத்தைப் பயன்படுத்த இயலவில்லை. பிரதேச சபையின் விளக்கு தோட்டத்து எல்லையில் அணைந்தது எனலாம். 2018ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கிற்று. முப்பத்தோராண்டுகள்! அந்த முப்பத்தோராண்டில் ஒரு தலைமுறை நடுவயதிலிருந்து முதுமைக்குச் சென்றுவிட்டது.

தடை நீங்கியபின் யாது நிகழ்ந்தது? மேட்டு லயத்துக்கு அருகேயுள்ள கோயில் முன்றிலில் ஒருநாள் முதியோர் கூட்டமொன்று கூடிற்று. சர்வதேச முதியோர் தினமான ஒக்ரோபர் முதலாந் திகதியை ஒட்டிய கூட்டம் அது. மாலை, பொன்னாடை, தேநீர், சிறுவர் நடனம் ஆகியவை நிகழ்ந்தன. இறுதியில் இளம் உத்தியோகத்தர் ஒருத்தி, ஒவ்வொருவரிடமும் தேவை என்னவென்று கேட்டு எழுதிக்கொண்டாள். சிலர் மூக்குக்கண்ணாடி கேட்டனர். சிலர் கூரைத்தகரம் கேட்டனர். மூதாட்டியின் முறை வந்தது.

"பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் மகள். அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தந்தா நானே எறங்கி வந்துருவேன். இந்தப் புள்ளய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாம்."

உத்தியோகத்தர் அதனை எழுதுமுன் சற்றுத் தயங்கினாள். அவளிடமிருந்த படிவத்தில் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கட்டம் இருந்தது. சக்கர நாற்காலிக்கு ஒரு கட்டம் இருந்தது. கைப்பிடிக்குக் கட்டம் இல்லை. படிவத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அதனைக் குறித்துக்கொண்டாள்.

அந்த ஓரக்குறிப்பே இக்கட்டுரையின் பொருள். கொடுப்பனவு நாள்தோறும் பேத்தி பாடசாலைக்குச் செல்வதில்லை என்ற செய்தி அதற்குள் அடங்கியிருக்கிறது. மகன் கொழும்பில் கடையொன்றிலும் மருமகள் கொழுந்து மலையிலும் நிற்க, பாட்டியைக் கீழே அழைத்துவர எஞ்சியிருப்பவள் அவள்தான். முதியோர் சேவை என்பது முதியோருக்கு மட்டும் ஆற்றும் சேவையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறநாட்டு அனுபவங்கள் ஈண்டு நோக்கத்தக்கன. யப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்தை நடத்துவோர் நகர, கிராம உள்ளூராட்சி மன்றங்களே. மூவாண்டுக்கு ஒருமுறை அவை தத்தம் பிரதேசத்து முதியோரின் தேவைகளைக் கணித்துத் திட்டம் வகுக்கின்றன. செல்வ நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா என்று வினவுவோர் உளர். அவர்கள் கேரளத்தை நோக்கலாம். 1996ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஊராட்சிகளின் கையில் நிதியையும் திட்டமிடும் பொறுப்பையும் ஒப்படைத்தது. அதன் பயன்களுள் ஒன்று, ஊராட்சிகள் நடத்தும் 'பகல் வீடு' எனும் முதியோர் கூடம். பிள்ளைகள் வேலைக்குச் சென்ற வேளையில் முதியோர் கூடியிருந்து, உண்டு, பேசி, மாலையில் வீடு திரும்புகின்றனர். 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதியோர்க்கிசைந்த நகரங்கள் பற்றிய வழிகாட்டியும், வெளியிடங்கள், போக்குவரத்து, குடியிருப்பு, சமூகப் பங்கேற்பு என எட்டுத் துறைகளை வகுத்துக் கூறியபோது, முதியவர்களைக் கேட்டே அவற்றை வகுத்தது.

மாத்தளைத் தோட்டங்களில் பகல் வீட்டுக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்பவேண்டுவதில்லை. ஒரு காலத்தில் தொட்டில்கள் நிறைந்திருந்த பிள்ளைக் காம்பிராக்கள் சில இன்று பாதி வெறுமையாகக் கிடக்கின்றன. இளையோர் வெளியூர் சென்றமையால் குழந்தைகள் குறைந்தனர்; முதியோர் மிகுந்தனர். குழந்தைகளும் முதியோரும் ஒரே கூரையின்கீழ் பகலைக் கழிப்பின் இருசாராரும் பயன்பெறுவர். காமன் கூத்தின் பாடல்களையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் நெஞ்சில் சுமந்திருப்போர் இம்முதியவர்களே. பல்கலைக்கழகத்தார் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்களைத் தேடிச்செல்வது நன்று. அவர்கள் பாட ஓர் இடமும் கேட்க ஒரு குழந்தையும் இருத்தல் அதனினும் நன்று.

பிள்ளைகள் பார்க்க வேண்டிய கடமையைச் சபை ஏற்பதா என்ற மறுப்பும் எழுவதுண்டு. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுவோர், லயத்துக் காம்பிராவின் நீள அகலத்தை ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். மூன்று தலைமுறையும் அடுப்பும் ஒரே அறைக்குள் அடங்க, இஸ்தோப்பின் மூலையே முதியவருக்குப் படுக்கையாகிறது. பிள்ளைகளிடம் அன்பில்லாமலில்லை, இடமில்லை. தோட்டத்தில் பேருள்ளவர்க்கே காம்பிரா என்ற பழைய வழக்கு, ஓய்வுபெற்றோரைத் தாம் பிறந்த இடத்திலேயே விருந்தினராக்குகிறது. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒருமுறை கைக்கு வந்து, திருமணச் செலவிலோ கடனிலோ கரைந்துவிட, மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அவர்க்கு இல்லை.

நிதியில்லை என்பது மற்றொரு மறுப்பு. அதில் உண்மையுண்டு, பிரதேச சபைகளின் வருவாய் மிகச் சிறிது. ஆயினும் கைப்பிடிக்கு வேண்டியது சில இரும்புக்குழாய்களும் சீமெந்தும் ஒரு வேலையாளின் சில நாட்களுமே. பஸ் தரிப்பிடத்தில் ஓர் இருக்கை, தபாலகத்துக்கு அருகே ஒரு மலசலகூடம், கூட்ட அழைப்பிதழைத் தமிழிலும் அச்சிடுதல், ஆகிய இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும்போது இவை நினைவில் இருத்தலே தேவை. சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அக்குழுக்களில் முதியோர் இருவர் அமர்வாராயின், படிவத்தின் ஓரக்குறிப்பு வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியாகக்கூடும்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிவடைந்தபின், தேர்தல் நடைபெறாது ஈராண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் முறையிட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடைபெற்று மன்றங்கள் மீண்டும் கூடின. அன்றும் மூதாட்டி படியிறங்கி வந்தாள். சாவடியில் விரலில் மை பூசிய உத்தியோகத்தரிடம் அடையாள அட்டையை நீட்டியபோது, அதிலிருந்த பெயரை அவர் உரத்து வாசித்தார். ஓரெழுத்து மாறிய அப்பெயருக்கு, "நான்தான் ஐயா" என்று அவள் தயங்காமல் விடை கூறினாள்.

வாக்களித்துவிட்டு அவள் வீடு திரும்பினாள். இறங்குவதைக் காட்டிலும் ஏறுவது அவளுக்குக் கடினம். அறுபதாவது படியருகே ஒரு பலாமரம் உண்டு. அதன் வேரில் அமர்ந்து இளைப்பாறுவது அவள் வழக்கம். வீதியும் அதற்கப்பால் பிரதேச சபையின் விளக்குக் கம்பமும் அங்கிருந்து தெரியும். அன்று பேத்தி பாடசாலைக்குச் செல்லவில்லை. தேர்தல் நாளாதலால் பாடசாலையே இல்லை, அதனால் குறையொன்றுமில்லை. அடுத்த கொடுப்பனவு நாள் ஒரு புதன்கிழமை. அன்று பாடசாலை உண்டு.