புள்ளியும் சிமிட்டலும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் பின்பால் விளையாட்டு இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று இத்தலைப்பின்கீழ் படிக்கத் தொடங்கும் சிலர் வியக்கக்கூடும். குழந்தைகளின் வாசிப்பைப் பற்றி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்த ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்ல அந்த இயந்திரமே எனக்குத் துணை செய்தது. ஆகவே முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடியால் மூடப்பட்ட சாய்வான மேசை. அதன்மேல் உருண்டோடும் ஓர் உருக்குக் குண்டு. கீழே விழவிடாமல் அதைத் திருப்பியடிக்க, விளையாடுபவரின் விரலுக்குக் கட்டுப்பட்ட இரண்டு துடுப்புகள். இதுவே பின்பால். தொடக்ககால இயந்திரங்களில் துடுப்புகள் இல்லை. குண்டு எங்கே விழுமோ அங்கே விழும். ஆதலால் பலரும் இதைச் சூதாட்டம் என்றே கருதினர். நியூயார்க் நகரம் 1942இல் விதித்த தடை 1976 வரை நீடித்தது. நமக்கு அண்டை நாடான பிலிப்பீன்சும் 1974இல் அதிபரின் ஆணை வழியாக இதைத் தடை செய்தது. இடையில் 1947இல் கோட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில்தான் துடுப்புகள் முதன்முதலாக இடம்பெற்றன. அதன் பிறகு நற்பேற்றோடு திறமையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த பெரிய மாற்றம் 1970களின் பிற்பகுதியில் வந்தது. அதுவரை இயந்திரத்தின் வயிற்றில் ரிலேக்களும் படிப்படியாக நகரும் சுழல் இணைப்பிகளும் ஒரு சிறிய மோட்டாரும் இருந்தன. புள்ளிகள் எண் உருளைகளில் சுழன்று ஏறின. எங்கேனும் பழுது ஏற்பட்டால், மின்சுற்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகத் தேட வேண்டியிருந்தது. சிக்காகோவின் பேலி, வில்லியம்ஸ், கோட்லீப் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் 1977ஆம் ஆண்டளவில் நுண்செயலிக்கு மாறின. திண்மநிலை இயந்திரங்கள் என்று இவற்றையே குறிப்பிடுகின்றனர்.

பேலியும் வில்லியம்சும் பயன்படுத்தியது மோட்டோரோலா நிறுவனத்தின் 6800 என்னும் நுண்செயலியாகும். அந்நிறுவனத்தின் பெயர் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவே தடையற்ற வணிக மண்டலத்தில் 1970களின் தொடக்கத்திலேயே அது சில்லுத் தொழிற்சாலை அமைத்தது. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த நம் பெண்கள் பலருக்கும் இத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகள்தாம் வாழ்வளித்தன. 'மலேசியா' என்ற சொல் பொறித்த சில்லுகள் இங்கிருந்து உலகெங்கும் சென்றன.

காஜாங்கில் பழைய மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். பள்ளி விடுமுறை ஒன்றில் அவருடைய கடைக்குச் சென்றபோது, பேலி நிறுவனத்தின் 'எயிட் பால்' இயந்திரத்தைத் திறந்து வைத்திருந்தார். 1977இல் வெளிவந்து இருபதாயிரத்திற்கும் மேல் விற்பனையான புகழ்பெற்ற இயந்திரம் அது. முகப்பில் புள்ளிகளைக் காட்டும் எண்பலகை இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ பின்பலகையைத் திறந்து, உள்ளே ஒரு மின்னணுப் பலகையின் மூலையிலிருந்த மிகச்சிறிய சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"வாத்தியாரே, முன்னாடி எரியிற எண்ணு ஆடுறவனுக்கு. ரிப்பேர் பண்றவனுக்கு இந்த லைட்டுதான். எத்தனை தடவ சிமிட்டுதுன்னு எண்ணுங்க" என்றார்.

அந்த விளக்கின் வேலை வியப்புக்குரியது. மின்சாரம் கொடுத்தவுடன் இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. முதலில் கண நேர மினுக்கம் ஒன்று. பிறகு, ஒவ்வொரு சோதனையிலும் தேறியதும் ஒரு சிமிட்டல். விளையாட்டின் விதிகளைத் தாங்கிய சில்லுகள் சரியாக இருந்தால் முதல் சிமிட்டல். தற்காலிக நினைவகம் சரியாக இருந்தால் இரண்டாவது. அமைப்புகளையும் பழைய கணக்குகளையும் காக்கும் நினைவகத்திற்கு மூன்றாவது. வெளியுலகோடு பேசும் இரு சில்லுகளுக்கு நான்காவதும் ஐந்தாவதும். எண்பலகையை இயக்கும் கால அளவைச் சுற்றுக்கு ஆறாவது. துடுப்புகளுக்கும் ஏனைய சுருள்களுக்கும் செல்லும் மின்சாரம் வந்து சேர்ந்திருந்தால் ஏழாவது. ஏழும் சிமிட்டினால்தான் ஆட்டம் தொடங்கும்.

மூன்று முறை சிமிட்டி நின்றுவிட்டால், கோளாறு நான்காவது சோதனையில் இருக்கிறது என்று பொருள். முழுப் பலகையையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. அந்த ஒரு சில்லையும் அதன் இணைப்புகளையும் பார்த்தால் போதும். நாணயக் கதவுக்குள் ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்த அழுத்த விளக்குகள், எண்பலகை, சுருள்கள் ஆகியவற்றை இயந்திரம் வரிசையாக இயக்கிக் காட்டும். இறுதியில், நாற்பது வரையிலான இணைப்பிகளுள் ஒட்டிக்கொண்டிருப்பது எது என்பதையும் எண்ணாகக் காட்டும். ரிலேக்களோடு பழகிய தொழிலாளர்களுக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளி 'எவ்வளவு' என்று சொல்கிறது. சிமிட்டல் 'எங்கே' என்று சொல்கிறது. நம் வகுப்பறைகளில் முதலாவது நிறைய இருக்கிறது. இரண்டாவது மிகக் குறைவாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். வாசிப்புச் சோதனையில் அவன் பெற்ற புள்ளிகள் மிகக் குறைவு. அவன் தந்தை என்னிடம், "டீச்சர், இவனுக்குத் தமிழ் வராதுங்களா? வேற பள்ளிக்கு மாத்திடலாமான்னு பாக்குறோம்" என்றார். ஒரு புள்ளித்தாள் ஒரு குழந்தையை ஒரு மொழியிலிருந்தே வெளியேற்றும் நிலைக்கு வந்திருந்தது. நான் அவனை அருகில் அமர்த்தி ஐந்து நிமிடம் வாசிக்கச் சொன்னேன். 'கல்', 'கால்', 'மீன்', 'பூ' எல்லாம் சரியாக வந்தன. 'கொடு' என்பதைக் 'கெடு' என்றான். 'தோள்' என்பதைத் 'தேள்' என்றான். "அப்பா தேளில் தூக்கினார்" என்று வாசித்துவிட்டு அவனே விழித்தான்.

எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரும்போது, முன்னால் இருப்பதை மட்டும் கண்டு, பின்னால் இருக்கும் காலை அவன் விட்டுவிடுகிறான். இடமிருந்து வலமாகச் செல்லும் சின்னஞ்சிறு கண்ணுக்கு அது இயல்பே. இரண்டு சிமிட்டல் சரியாக வந்து, மூன்றாவதில் நின்றிருக்கிறது. அவ்வளவுதான்! அவன் தந்தைக்கு அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். கொம்பும் காலும் சேர்ந்த சொற்களை மட்டும் அட்டைகளில் எழுதி, நாள்தோறும் பத்துச் சொற்கள் வீதம் வீட்டிலும் பள்ளியிலும் பயிற்சி கொடுத்தோம். மூன்று வாரங்களில் அந்தத் தடை நீங்கியது. வேறு பள்ளி பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அதன்பின் ஏழு சிமிட்டல்கள் என்னும் ஒரு பட்டியலை நான் பயன்படுத்தி வருகிறேன். விரும்பும் ஆசிரியர்கள் எடுத்தாளலாம்.

1. உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் தனித்தனியே அறிதல்.
2. குறில் நெடில் வேறுபாடு: கல், கால்.
3. கொம்பும் காலும்: கெடு, கொடு, தேள், தோள்.
4. ஒலி வேறுபாடு: ல, ள, ழ, ர, ற, ந, ன, ண.
5. ஒற்று வரும் சொற்கள்: படம், பட்டம்.
6. வாக்கியத்தை வாசித்துப் பொருள் சொல்லுதல்.
7. புறக்காரணங்கள்: பார்வை, செவி, உறக்கம், காலை உணவு.

ஏழாவதைப் பெற்றோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். இயந்திரம் ஆறு முறை சிமிட்டி ஏழாவதில் நின்றால், அந்த முதியவர் பலகையைத் தொடுவதில்லை; முதலில் வெளியே உள்ள ஃபியூசைப் பார்க்கிறார். மின்சாரமே வந்து சேராதபோது சில்லைக் குறை சொல்வதில் பொருளில்லை. எல்லாம் அறிந்தும் வகுப்பில் தூங்கி வழியும் குழந்தையிடம் கூடுதல் பயிற்சித்தாள் கொடுப்பதும் அத்தகையதே. அவன் இரவு எத்தனை மணிக்கு உறங்கினான், காலையில் உண்டானா, கரும்பலகை தெரிகிறதா என்பவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குழந்தை இயந்திரமன்று என்று சிலர் மறுப்பர். உண்மைதான். இயந்திரம் வரிசை தவறாமல் சோதிக்கும். குழந்தையோ நான்காவதில் தடுமாறிக்கொண்டே ஆறாவதில் சிறந்து விளங்கும். ஆகவே ஓரிடத்தில் நின்றவுடன் சோதனையை நிறுத்திவிடாமல் ஏழையும் பார்த்துவிடுவது நல்லது. முப்பது மாணவர்களுக்கு நேரம் ஏது என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நாளுக்கு ஒருவர், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஆறு வாரங்களில் ஒரு வகுப்பே முடிந்துவிடும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. வகுப்புசார் மதிப்பீடு ஆறு அடைவுநிலைகளைக் கொண்டு பிள்ளையின் நிலையைச் சொல்கிறது. ஆயினும் பெற்றோர் சந்திப்பில் இன்றும் முதலில் எழும் கேள்வி "எத்தனை புள்ளி?" என்பதுதான். அடைவுநிலை மூன்று என்றால் அறுபதா எழுபதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வு போனாலும் எண்பலகை நம் மனத்திலிருந்து இறங்கவில்லை.

அந்த முதியவர் இறுதியாக ஒன்றைக் காட்டினார். மின்னணுப் பலகையில் மூன்று சிறு கலங்கள் சேர்ந்த மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரத்தை அணைத்த பின்னும் உச்சப்புள்ளி அழியாமல் இருக்க அது துணை செய்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலிருந்து நீர் கசிந்து அருகிலுள்ள தடங்களையும் சில்லுகளின் கால்களையும் அரித்துவிடுகிறது. இவ்வகைப் பலகைகள் பெரும்பாலும் பாழாவது இதனால்தானாம். உச்சப்புள்ளியைக் காக்க வைத்த பொருளே பலகையை அழிக்கிறது! பழுதுபார்ப்பவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றி, பலகைக்கு வெளியே வேறு மின்கலம் பொருத்துகிறார்களாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது புள்ளியைக் கேளுங்கள், தவறில்லை. அதோடு, "என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான்?" என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே, அக்கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள். உங்கள் வகுப்பில் நீங்கள் கண்ட தடைகளையும் நீக்கிய வழிகளையும் எனக்கு எழுதினால், இப்பட்டியலை இன்னும் செம்மையாக்கலாம்.