சொல்தா வீட்டில் பார்த்த பிரஸ்

காரைக்கால் மாதா கோயில் வீதிப் பக்கம் ஒரு சந்து. திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ‘சொல்தா வீடு’ என்றதும் கை நீட்டிக் காட்டினார்கள். பிரெஞ்சில் சொல்தா என்றால் படைவீரர். பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பம். மகன் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார். அங்கே துப்பாக்கிச் சங்க உறுப்பினராகி உரிமம் பெற்றவர்கள், போட்டிக்கு வேண்டிய தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். அதற்கான கை இயந்திரம்தான் பிரஸ். மகனுக்கு இந்தக் கலையைப் பழக்கியவர் அப்பாதான்.

“அந்த பிரஸ்ஸை இங்கே கொண்டுவரலையா அய்யா?” என்றேன்.

“கொண்டுவந்தா நேரா ஸ்டேஷன்தான் தம்பி.”

அவர் மிகைப்படுத்தவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவையும் வெடிமருந்தையும் மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றைத் தயாரிக்கும் இயந்திரத்தையும் ‘அம்யுனிஷன்’ என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஒரு தோட்டாகூட நிரப்பாமல் வெறும் பிரஸ்ஸை மேசையில் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அம்யுனிஷன்தான். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் புனேயின் கட்கியில் 1869 முதல் இயங்கும் தோட்டாத் தொழிற்சாலை போன்ற இடங்களில் செய்ததைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சந்து வீடுகளைப் பார்த்தால் அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இங்கே ஒரு டப்பா மருந்து பற்றிக்கொண்டால் யார் வீடு என்று பார்த்து எரியாது.

அதனால் பிரஸ்ஸை நான் பார்த்தது பெரியவரின் போனில். மகன் தன் கராஜிலிருந்து வீடியோ காலில் வந்தார்.

கனமான மர மேசை. அதில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சட்டம், பக்கவாட்டில் ஒரு நீளக் கைப்பிடி. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைப் பிடிப்பானில் செருகி, அடிபம்பை அழுத்துவதுபோலக் கைப்பிடியைக் கீழே இழுத்தார். தண்டு மேலே ஏறி, கூடு டை என்ற அச்சுக்குள் போனது. செத்த பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, ‘டிக்’கென்று கிண்ணத்தில் விழுந்தது. சுடும்போது வீங்கிய கூடு, டை பிடித்து அழுத்தியதில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பிறகு புது பிரைமர், நிறுத்துப் போட்ட மருந்து, அதன் மேல் குண்டு. கூட்டை அளவுக்குக் கொண்டுவர ஒரு டை, குண்டை உட்காரவைக்க வேறொரு டை, கைப்பிடி அதேதான்.

“சட்டத்தைப் பார்த்தீங்களா? சுத்திவர மூடியிருக்கு,” என்றார் பெரியவர். முன்பக்கம் திறந்த சட்டமும் உண்டு. கை வைக்க வசதியாக இருக்கும். ஆனால் ரைஃபிள் கூட்டை அழுத்தும்போது சட்டத்தின் வாய் லேசாக விரிந்து கொடுக்கும். குண்டு ஒன்றில் ஆழமாகவும் இன்னொன்றில் மேலாகவும் உட்காரும். மூடிய சட்டம் அசையாது. ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் இந்த வகை. டையின் மரை முக்கால்வாசிக் கம்பெனிகளில் ஒரே அளவு என்பதால் பிரஸ் ஒன்று, டை வேறொன்று என்று கலந்து வாங்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு டை மட்டும் மாட்டும் பிரஸ்தான் இது. நாலைந்து டையைத் தலையில் மாட்டிச் சுழற்றும் டரட் வகை உண்டு. டில்லன் கம்பெனி செய்வதைப் போன்ற புரோகிரஸிவ் வகையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழும். வேகம் அதில்தான். ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்து கூடுகளில் நாலைந்து வேலை நடக்கும். ஒன்றில் மருந்து விழாமல் போனாலும் கண்ணில் படாது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பிஸ்டல் கூட்டில் இரண்டு பங்கு மருந்துகூடக் கொள்ளும் என்பதால் எதிர்த்தவறுக்கும் இடமிருக்கிறது.

மகன் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது குழிகள் கொண்ட மரப்பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மருந்து போட்டு முடித்த பிறகே குண்டைத் தொட்டார். அதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து நிற்கும் மட்டத்தைப் பார்த்தார்.

“மூணாவது வரிசையைக் காட்டு,” என்றார் பெரியவர், போனைக் கண்ணருகே கொண்டுபோய். “அந்தக் கடைசிக் கூட்டுல ஏறி நிக்குதே?”

“நிழல்பா.”

“கொட்டி நிறு.”

கொட்டி நிறுத்தார். எடை சரியாகவே இருந்தது. தராசு காட்டுவது கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் 0.065 கிராம்தான். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள்.

“இதுல மணிக்கு அம்பதுதான்பா வருது. புரோகிரஸிவ் ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கறேன்,” என்றார் மகன்.

“நீ வாரத்துக்கு எத்தனை சுடற?”

“நூறு.”

“அப்போ ரெண்டு மணி நேர வேலை. அந்தக் காசுக்கு இன்னொரு நல்ல தராசு வாங்கு. ரெண்டுலயும் வச்சுப் பாரு.”